தானாக எடுக்கும் போன்

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அனுராதாவின் கண்ணில் அந்தப் பச்சை விளக்கு பட்டுவிட்டது. உள் அறையில், கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த ஸ்டூலின் மேல் போன் இருந்தது. அதன் மேல்மூலையில் கடுகளவுக்கு ஒரு விளக்கு. யாராவது பேசிக்கொண்டிருந்தால் எரியும், பேச்சு முடிந்தால் அணையும். இப்போது எரிந்துகொண்டிருந்தது.

“லைன்ல யாருங் மாமா?”

கட்டிலில் கிடந்த அர்த்தனாரி தலையைத் திருப்பினான். கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் அசையாது, தலை மட்டும் திரும்பும். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. வாசற்படியில் நின்ற அவளைக் கண்டதும் அது பாதியில் நின்றுபோனது.

“நீதான்,” என்றான்.

விளக்கு அணைந்தது.

அனுராதா சிரித்து மழுப்பினாள். “அரை மணி நேரமா வண்டியில வந்துட்டு இருக்கேன். செம்மேட்டைத் தாண்டினா டவரே கெடையாது, நான் எங்கிருந்து பேசறது? கண் அசந்துட்டீங்களாட்டம் இருக்குது.”

“மிளகுக் காட்டு வளைவு வந்துட்டேன், கதவு தொறந்திருக்குதான்னு கேட்ட,” என்றான் அவன். அவள் தோளுக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் மூடுபனி முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. ஐந்தரை மணிக்கு மலைமேல் வாழவந்தி நாட்டில் அது புதிதில்லை.

அந்த போன் அந்த வீட்டுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பதினான்கு மாதத்துக்கு முன்னால், சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிக்கும்போது ஏணி வழுக்கி அர்த்தனாரி விழுந்தான். உயிர் தங்கியது, உடம்பு தங்கவில்லை. அவனைச் சுத்தம் செய்து, புரட்டிப் படுக்கவைத்து, வாயில் ஊட்டி வைத்துவிட்டு அனுராதா காலை எட்டரைக்குக் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். செம்மேட்டில் குணசேகரனின் ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. அந்த வேலை இல்லாவிட்டால் மருந்து இல்லை. மத்தியானம் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து கண்ணாயி அக்கா வந்து சாமைக் கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் அவனும் ஓட்டுக் கூரையும்தான்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் அவள் வந்து பார்த்தபோது அவன் தலை தலையணையிலிருந்து சரிந்து, மூக்கும் வாயும் சுவரோடு அழுந்திக் கிடந்தது. சுவரில் எச்சில் ஈரம். மழையில் அன்று கண்ணாயி வரமுடியவில்லை. காலையிலிருந்து அப்படியே, கிடைத்த மூச்சை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். கூப்பிட ஆள் இல்லை. மொபைலை அவன் நெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனாலும் பிரயோசனமில்லை. மேட்டுப் பாறையில் ஏறி நின்றால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் கடையில் சொன்னதும் குணசேகரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். தினமும் அத்தனை கொண்டை ஊசி வளைவையும் ஏறி வருகிறவர், எதையாவது விளக்க ஆரம்பித்தால் மறுபடி அத்தனை வளைவும் இறங்கினாலும் முடிக்கமாட்டார். பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் வந்திருந்த இன்டர்நெட் கேபிளை அவர்கள் வீடு வரை இழுக்க ஏற்பாடு செய்தார். பிறகு மேசை மேல் மூன்று ரூட்டர் பெட்டிகளை எடுத்து வைத்து, பெண் பார்ப்பதைப் போல ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார்.

“இது சின்னது கண்ணு. படம் பாக்கறதுக்கு ஆகும், பேச்சுக்கு ஆகாது. அடுத்தது பாரு, நாலு கொம்பு வச்சிருக்கான். வேகம் ஜாஸ்தி. ஆனா அந்த வேகமான அலை உங்க ஊட்டு மண் செவுத்துல முட்டி அங்கயே உழுந்துரும். மெதுவாப் போற அலைதான் செவுத்தைத் தாண்டும். மூணாவது இருக்குதே, இதான் நமக்கு. பேச்சு வந்தா மத்ததையெல்லாம் நிறுத்திப்போட்டு பேச்சுக்கு முதல்ல வழி விடும். கூட ஒரு பேட்டரி வச்சுட்டா கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் தாங்கும்.”

“அவரால எடுக்க முடியாதுங்களே அண்ணா.”

“அதுக்குத்தான் இந்த போனு. வொயரு கெடையாது, ரூட்டர்ல இருந்தே பேசும். முதல் மணி அடிச்சதும் தானா எடுத்து ஸ்பீக்கர்ல போட்டுரும். மாப்பிள்ளை வாயைத் தொறந்தாப் போதும்.”

அவரே வந்து மாட்டிக் கொடுத்தார். ரூட்டரை வீட்டுக்கு நடுவில், உயரத்தில், இரும்புப் பக்கம் இல்லாமல் வைக்கவேண்டும் என்று உத்திரத்தில் பலகை அடித்து உட்காரவைத்தார். மொபைலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், களத்தைத் தாண்டி, சாமைக் காட்டைத் தாண்டி ஓடைக்கரை வரை நடந்து பார்த்தார். “ஓடை வரைக்கும் ஒரு கோடு காட்டுது கண்ணு. நல்ல பொட்டி,” என்று பெருமையாகச் சொன்னார்.

அன்றிலிருந்து பதினோரு மணிக்கு ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை அனுராதா கூப்பிடுவாள். “மாமா.” “ம்.” “நல்லாருக்கீங்களா?” “ம்.” கடையில் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச நேரமில்லை. ஆனாலும் அந்த ஒரு “ம்” போதுமாக இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

இப்போது, அவனுக்கு ராத்திரிச் சோறு ஊட்டிவிட்டு, அவள் போனை எடுத்து வந்த அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தாள். அவளுடைய நம்பர் இரண்டு தடவை இருந்தது. அவற்றுக்கு நடுவிலும் பிறகுமாக ஐந்து அழைப்புகள் இருந்தன, நம்பர் இருக்கவேண்டிய இடம் காலி. கீழே தள்ளிக்கொண்டே போனாள். முதல் காலி இடம் ஒன்பது நாளைக்கு முன்னால் வந்திருந்தது. நான்கு வினாடி. மறுநாள் இருபது வினாடி. அதற்கடுத்த நாள் ஆறு நிமிடம். இன்றைக்குக் கடைசியாக வந்தது ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.

“இவ்வளவு நேரம் என்னங் மாமா பேசினோம்?” என்று கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. “என்னென்னமோ. பலாச் சொளை உரிக்கறப்ப கையெல்லாம் பாலா ஒட்டிக்கிச்சே, எண்ணெய் போட்டுத் தேச்சுவுட்டேனே, அதைச் சொல்லிச் சிரிச்ச. அப்பறம் நான் எந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்திருக்கேன்னு கேட்ட. செவுத்துப் பக்கமா, கதவுப் பக்கமான்னு.” தலையை அவள் பக்கம் திருப்பினான். “முன்னெல்லாம் ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிருவ. இப்பத்தான் ஒழுங்காப் பேசற. மனசு நல்லாருக்குது புள்ள.”

பலாச்சுளை விஷயம் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைவிட அவளைச் சுட்டது வேறு. பதினான்கு மாதமாக அவன் முகத்தில் அவளால் வரவழைக்க முடியாத சிரிப்பை வேறு எதுவோ வரவழைத்துவிட்டது. பயத்தோடு பொறாமையும் வந்தது. அதற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

மறுநாள் குணசேகரனிடம் கேட்டாள். கம்பெனிக்காரர்கள் இப்படித்தான் நம்பர் இல்லாமல் கூப்பிட்டு உயிரை எடுப்பார்கள் என்றார். ரூட்டரை எங்கிருந்தும் பார்க்கிற ஆப் ஒன்றை அவள் மொபைலில் போட்டுக் கொடுத்தார். “உங்க ஊட்டு வைஃபையில எது எது சேர்ந்திருக்குதுன்னு இதுல தெரியும். பாரு, கட்டில் போனு. நாலு கோடு. கிட்ட இருக்குதில்ல, அதான்.”

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ‘அனுராதா மொபைல்.’ ஒரு கோடு.

அவள் மொபைல் அவள் கையில், செம்மேட்டில் இருந்தது.

“பழசு காட்டுது கண்ணு. காத்தால நீ ஊட்டுல இருந்தப்ப சேர்ந்தது இன்னும் போகலை,” என்றார் குணசேகரன். அவள் தலையாட்டினாள். ஆனால் பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்து பதினேழு நிமிடம். பதினெட்டு. பதினொன்றரை மணிக்கு அது மறைந்தது. பன்னிரண்டேகாலுக்கு மறுபடி வந்தது. அப்போது இரண்டு கோடு.

“ஒரு கோடுன்னா ஓடைக்கரைன்னு சொன்னீங்க. ரெண்டுன்னா எங்கங் அண்ணா?”

“சாமைக் காடு இருக்கும்,” என்றார் அவர், ஜெராக்ஸ் எடுத்தபடியே. “மூணுன்னா களம். எதுக்குக் கேக்கற?”

அடுத்த நாள் காலையில் ஓடையில் தண்ணீர் எடுக்கப் போனபோது கண்ணாயி குடத்தைக் கல்லில் வைத்துவிட்டு நின்றாள். வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவள். அன்று அனுராதாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நேத்து மத்தியானம் நீ ஊட்டுக்கு வந்திருந்தியா?”

“இல்லீங்க அக்கா. கடையிலதான் இருந்தேன்.”

“கஞ்சி கொண்டாந்தேன். உள்ள நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தீங்க. சரி, நீ வந்துட்டியாட்டம் இருக்குதுன்னு திரும்பிட்டேன்.” கண்ணாயி சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். “அதுக்கு முன்ன சாமைக் காட்டுக்குள்ளாற இருந்து ‘மாமா’ன்னு ஒரு சத்தம். ஒருக்காத்தான். நேத்து பனி முன்னாலயே எறங்கிருச்சு, ஆளு தெரியல. நான் பேசாம நின்னேன். ஆனா உள்ள மணி அடிச்சு, உடனே உன்ற ஊட்டுக்காரன் ‘ம், சொல்லு’ன்னான். ஒத்தக் கூப்பிடலுக்கு, அனுராதா. ஒத்தக் கூப்பிடலுக்குப் பதில் போகுது உன்ற ஊட்டுல.”

அனுராதாவின் கையிலிருந்த குடம் சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது.

அவர்கள் பக்கத்தில் வீடுகள் காட்டுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. கூப்பிட்டுத்தான் ஆளை அறியவேண்டும். முதல் கூப்பிடலுக்கு யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவது வந்த பிறகுதான் “ஓ” என்பார்கள். கூப்பிடுகிறவனும் அதற்குத் தயாராக மூன்று முறை கூப்பிடுவான். கீழ்நாட்டிலிருந்து வருகிற வியாபாரிகள், மலையில் எல்லோருக்கும் காது மந்தம் என்று கேலி செய்வார்கள். ஏன் என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. மனிதர்களால்தான் மூன்றாவது முறை கூப்பிட முடியும், அவ்வளவுதான். கைக்குழந்தைக்குக்கூட அந்தப் பழக்கம் வந்துவிடும்.

போனைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. மொபைல் மணி நாலைந்து தடவை அடித்த பிறகுதானே எல்லோரும் எடுக்கிறார்கள்? அதனால் அந்த வழக்கத்துக்கு இதுவரை பங்கம் வரவில்லை. தேடித் தேடி, நல்ல பெட்டியாகப் பார்த்து, ஓடை வரைக்கும் காது நீட்டுகிற ஒன்றை வாங்கி, முதல் மணிக்கே பதில் சொல்லும்படி அவளே வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பதிலுக்கும் அது ஒரு படி கிட்டே வந்திருக்கிறது.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். போனைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சுவரில் அந்த எச்சில் ஈரம் நினைவுக்கு வந்து கை நின்றது. உட்கார்ந்து போனின் அமைப்புகளைத் துழாவினாள். எத்தனையாவது மணியில் தானாக எடுக்கவேண்டும் என்று ஒரு இடம் இருந்தது. ஒன்று என்பதை மூன்று ஆக்கினாள். வாசலில் நின்று, வைஃபை வழியாகத் தன் மொபைலிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. எடுத்தது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“அப்ப அத்தனை நாளா எங்கூடப் பேசினது நீ இல்லையா?”

“இல்லீங் மாமா.”

அவன் கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவனால் துடைத்துக்கொள்ள முடியாது. அவள் துடைத்தாள். “இனிமே நான் நெறையப் பேசறேன். கடையில எவன் நின்னாலும் நிக்கட்டும்,” என்றாள்.

“சரி,” என்றான். “வெளிய யார் கூப்பிட்டாலும் மூணாவதுக்குத்தான் வாயைத் தொறப்பேன். நீயா இருந்தாலும்.”

இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. போன் வாய் திறக்கவில்லை. ஆப்பில் கட்டில் போனுக்குக் கீழே அவள் மொபைல் ஒரே ஒரு வரியாகத்தான் இருந்தது, அதுவும் அவள் கையில் இருந்ததுதான். மூன்றாவது நாள் குணசேகரன் சொல்லி அனுப்பினார். கல்லூரி விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள், பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், மத்தியானம் வரைக்குமாவது வந்துவிட்டுப் போ என்று. கண்ணாயி கீழே உறவில் ஒரு சீருக்குப் போயிருந்தாள். அனுராதா அவனுக்கு இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்தாள். கதவை வெறுமனே சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

பத்து மணிக்குப் பேசினாள். மூன்றாவது மணியில் எடுத்தது. இருபது நிமிடம் பேசினாள், வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பேசினாள். மூன்றாவது மணி. அவன் சிரித்தான்கூட.

ஒன்றேமுக்காலுக்கு, கிளம்புவதற்கு முன்னால், வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம் என்று கூப்பிட்டாள்.

மணி ஒரே ஒரு தடவை அடித்தது.

எடுக்கப்பட்டது.

தானாக எடுத்தால் ஸ்பீக்கர் இரைச்சல் கேட்கும், அறையின் எதிரொலி கேட்கும். இப்போது அது இல்லை. ரிசீவரைக் கையில் எடுத்து வாயருகே வைத்தால் வருகிற சத்தம். யாரோ மூச்சு விட்டார்கள். மெதுவாக, நெருக்கமாக.

“சொல்லுங்க,” என்றது அவளுடைய குரல்.

அனுராதா மொபைலைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூரத்தில், கட்டிலிலிருந்து, அர்த்தனாரி கேட்பது காதில் விழுந்தது. “யாரு புள்ள?”

“தெரியலீங் மாமா. பேச மாட்டீங்குது.”

வைக்கப்பட்டது.

ஆப்பைத் திறந்தாள். ‘கட்டில் போன்.’ நான்கு கோடு. ‘அனுராதா மொபைல்.’ நான்கு கோடு.

கடையில் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியை எடுத்தது நினைவில்லை. சாலையில் பனி வழக்கத்துக்கு முன்பே இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர், அணைத்தால் சாம்பல் சுவர். ஹாரனை அழுத்திக்கொண்டே போனாள். எதிரே ஒரு பஸ் பால் நிறத்தில் உருவாகி, உறுமி, கரைந்து போனது. ஈர இலை வாசமும் பச்சை மிளகின் காரமும் மூக்கில் ஏறின. மரவள்ளிக் காடுகள் இருபுறமும் சொட்டிக்கொண்டே வந்தன. ‘வாரேன் மாமா, வாரேன் மாமா’ என்று வாய் தானாக முணுமுணுத்தது. மிளகுக் காட்டு வளைவில் பின்சக்கரம் சறுக்கி வண்டி படுத்துக்கொண்டது. முழங்கை கிழிந்தது. வண்டியை அங்கேயே விட்டாள்.

ஓடினாள். ஓடை. கல். சாமைக் காடு. கதிர்கள் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு வழி ஒன்று மிதிபட்டுக் கிடந்தது. ஓடையிலிருந்து களம் வரைக்கும். களத்திலிருந்து வாசல் வரைக்கும். அந்த வழியில்தான் அவளும் ஓடிக்கொண்டிருந்தாள்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். திறக்கவில்லை. மறுபடி தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

உள்ளே இருந்தவனுக்குக் கை வராது.

“மாமா,” என்று கூப்பிட்டாள்.

பதில் இல்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே கட்டில் ஒரு தடவை முனகியது.

கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். “மாமா. நான்தான். கதவைத் தொறங்க.”

உள்ளே அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவளுடைய குரல், தாழ்ந்து, கொஞ்சலாக, குழந்தையை அமர்த்துவதைப் போல, “உஸ். பேசாதீங்க மாமா. ரெண்டுதான் ஆச்சு,” என்றது.

அனுராதா சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சன்னலுக்குப் போனாள். கம்பிக்குப் பின்னால் அறை இருட்டாக இருந்தது. முதலில் வாசனைதான் வந்தது. டெட்டால் இல்லை, பவுடர் இல்லை. அவள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். பிறகு கண் இருட்டுக்குப் பழகியது. கட்டில். தலையணைகள். அவற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அர்த்தனாரி. உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவளுடைய ஊதாச் சேலை, முதுகைக் காட்டிக்கொண்டு, கிண்ணத்திலிருந்து எதையோ கரண்டியில் அள்ளிக்கொண்டிருந்தது. பதினான்கு மாதம் அசையாத அவன் கை அந்தச் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவன் சன்னலைப் பார்த்தான். அனுராதாவை நேருக்கு நேர் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது பயம். அவளுக்காக இல்லை. அவளைப் பார்த்து.

இன்னும் ஒரே ஒரு முறை. மூன்றாவது முறை கூப்பிட்டால் போதும், அவனுக்குத் தெரிந்துவிடும். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி இழுத்தாள். தொண்டை அசைந்தது, உதடு குவிந்தது. ஒன்றும் வரவில்லை. அவள் வாயிலிருந்து வெளியே வந்தது வெறும் பனி.

உள்ளே இருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவசரமில்லாமல் வந்தாள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம், நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அனுராதாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சன்னல் கதவை மெல்ல இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

“போயிருச்சா?” என்று அர்த்தனாரி கேட்பது பலகைக்குப் பின்னாலிருந்து கேட்டது.

“இல்லீங் மாமா,” என்றது அவளுடைய குரல். “இன்னும் அங்கயேதான் நிக்குது.”